மானுக்குத் தோட்டம் போடாதீங்க, ஆட்டுக்குப் போடுங்க: சிறுமலை அடிவாரத்துக் கணக்கு

யூடியூபில் 'ஃபுட் பிளாட்' என்று தேடினால் வீடியோக்கள் கொட்டும். அமெரிக்காவில் ஒருவர் அரை ஏக்கர் நிலத்தில் விதையைத் தூவிவிட்டுப் போகிறார். சில வாரங்களில் பச்சை விரிப்பு. பனி படர்ந்த காலையில் மான்கள் வரிசையாக வந்து மேய்கின்றன. உழவு இல்லை, பெரிய செலவு இல்லை, பராமரிப்பும் கிட்டத்தட்ட இல்லை. பார்க்கவே ஆசையா இருக்கும்.

சென்னையிலோ கோவையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, சிறுமலை அடிவாரத்திலோ நத்தம் ரோட்டிலோ கன்னிவாடி பக்கமோ ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டவர்கள் இப்போது நிறைய. 'ஆர்கானிக் ஃபார்ம்', 'வீக்எண்ட் ஸ்டே' என்று ஆரம்பிக்கும் கனவின் அடுத்த கட்டம், 'நம்ம நிலத்துக்கு மான் வந்தா எப்படி இருக்கும்?' என்பதுதான். கொஞ்சம் புல், கொஞ்சம் பயறு, ஒரு தண்ணீர்த் தொட்டி. ரீல்ஸுக்கு ரீல்ஸ், இயற்கைக்குச் சேவை. இதில் என்ன தப்பு?

நிறைய இருக்கிறது. மானுக்காகத் தனியார் நிலத்தில் தீவனத் தோட்டம் போடுவது மானுக்கும் நல்லதல்ல, பக்கத்துக் காட்டுக்காரருக்கும் நல்லதல்ல. உண்மையிலேயே மானுக்கு உதவ நினைத்தால், செலவும் பராமரிப்பும் குறைந்த தீவனத் தோட்டம் ஒன்றை நம் பக்கத்து ஊர்க்காரர்களே பல தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். ஆனால், அது மானுக்குப் போட்டது அல்ல. ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்டது.

அந்த ஊரில் எதற்காகப் போடுகிறார்கள்?

முதலில் அந்த வீடியோக்களில் சொல்லாமல் விடப்படும் ஒரு விஷயம். அமெரிக்காவில் ஃபுட் பிளாட் என்பது பெரும்பாலும் வேட்டையோடு சேர்ந்தது. குளோவர், ஓட்ஸ், சிக்கரி, டர்னிப் மாதிரியான பயிர்களைக் குறைந்த செலவில் வளர்த்து, வெள்ளைவால் மான்களை நிலத்துக்குப் பழக்குவார்கள். சீசன் வந்ததும் லைசென்ஸ் வாங்கியவர் மறைவிடத்தில் உட்கார்ந்து சுடுவார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில லட்சங்களாகச் சுருங்கிப்போன வெள்ளைவால் மான், இன்று அங்கே கோடிக்கணக்கில் இருக்கிறது. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேட்டையை அந்த நாட்டு அரசுகளே அனுமதிக்கின்றன. அந்தச் சூழலில் ஃபுட் பிளாட்டுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

அங்கேயும் எல்லாம் சுமுகம் இல்லை. மான்களின் மூளையைத் தாக்கும் 'குரோனிக் வேஸ்டிங் டிசீஸ்' என்ற நோய் 1967-ல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. மான்கள் ஒரே இடத்தில் கூடினால் நோய் பரவும் என்பதால், தானியத்தைக் குவித்து வைத்து மானை வரவழைப்பதைப் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன.

நம் கதை வேறு. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். கொல்வது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பொறி வைத்துப் பிடிப்பது, விரட்டுவது ஆகியவற்றோடு, இரை வைத்து ஈர்ப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அப்படிச் செய்ய முயல்வதும் வேட்டைதான். உங்கள் பட்டா நிலத்தில் புல் விதைப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால், 'காட்டு மானை வரவழைக்கத்தான் இதைப் போட்டேன்' என்று நீங்களே வீடியோ போட்டுச் சொன்னால், கேள்வி கேட்க வனத்துறைக்கு இடம் கொடுத்துவிடுகிறீர்கள். அந்தப் புல்லுக்கு வந்த மானை ராத்திரி வேறு யாராவது சுட்டாலோ, கண்ணி வைத்தாலோ, சிக்கல் உங்கள் வேலிக்குள்தான் தொடங்கும்.

பந்திக்கு முதலில் வருவது யார்?

சட்டத்தை ஒரு பக்கம் வைப்போம். திண்டுக்கல் மாவட்டத்தில் மானுக்கு இலை போட்டால், முதலில் வந்து உட்காரப்போவது மான் அல்ல.

கொடைக்கானல், பழனி மலைத்தொடரில் புள்ளிமான், கடமான், கேளையாடு, சருகுமான் எல்லாம் இருக்கின்றன. கூடவே காட்டுமாடு இருக்கிறது, காட்டுப்பன்றி இருக்கிறது. பழனி, ஒட்டன்சத்திரம் அடிவாரத்தில் யானையும் உண்டு. சிறுமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் விவசாயிகள் அதிகம் புலம்புவது காட்டுமாட்டையும் பன்றியையும் பற்றித்தான். சமவெளிக்கு வந்தால் மயில். பயறு முளைக்கும்போதே கொத்திவிட்டுப் போகும்.

வளர்ந்த ஆண் காட்டுமாடு ஆயிரம் கிலோ வரை எடை வரும். மான் ருசித்துச் சாப்பிடும் இளம்புல்லும் பயறும் அதற்கும் பிடிக்கும். பன்றிக்கு நிலக்கடலையும் கிழங்கும் போதும், ஒரே ராத்திரியில் வயலை உழுதுவிடும். 'மானுக்கு மட்டும் அனுமதி' என்று போர்டு வைக்க முடியாது. இரை விலங்கு பழகும் இடத்தை நோக்கிச் சிறுத்தை வருவதும் காட்டின் இயல்பு. ஸ்டே-க்கு வந்த விருந்தினருக்கு அது த்ரில்லாக இருக்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் ஆட்டுப்பட்டி போட்டிருப்பவருக்கு அப்படி இருக்காது.

ஏற்கெனவே இலவசத் தோட்டம் நடத்துபவர்கள்

இங்கேதான் எனக்கு இந்த ஐடியா மேல் உண்மையான கோபம் வருகிறது.

சிறுமலை, நத்தம், அய்யலூர் பக்கத்து அடிவார விவசாயி மக்காச்சோளம் போடுகிறார், கடலை போடுகிறார், மொச்சை போடுகிறார், மாங்கன்று வைக்கிறார். உழவுக்கூலி, விதை, உரம், ஆழ்துளைக் கிணறு எல்லாம் கடன். அதைக் காட்டு விலங்குகள் வந்து தின்றுவிட்டுப் போகின்றன. அதாவது, அவர் கேட்காமலேயே ஒரு ஃபுட் பிளாட் நடத்திக்கொண்டிருக்கிறார். அதிகச் செலவு, அதிகப் பராமரிப்பு, வருமானம் பூஜ்ஜியம். அதே இடத்தில் நகரத்திலிருந்து வந்த ஒருவர், 'எங்க நிலத்துக்கு இன்னும் நிறைய மான் வரணும்' என்று பந்தி விரித்தால், பில் யாருக்குப் போகும்? வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு.

விலங்குகள் காடு எது, பட்டா எது என்று பார்ப்பதில்லை. உங்கள் அரை ஏக்கரில் பழகிய மான்கூட்டம், அது தீர்ந்ததும் அடுத்த வயலுக்குப் போகும். உங்களுக்கு அது பொழுதுபோக்கு. அவருக்கு அந்த வருடத்துப் பள்ளிக்கூட ஃபீஸ்.

இழப்பு கைமீறும்போது சிலர் வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அது சட்டவிரோதம், உயிர்க்கொலை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தனி விதிகள் கொண்டுவந்தது. விதி தேவைதான். ஆனால், மனிதர்களை அந்த நிலைக்குத் தள்ளும் இழப்பு குறையாமல் விதி மட்டும் எவ்வளவு தாங்கும்? அந்த இழப்பைக் கூட்டும் எதையும், மானின் பெயரைச் சொல்லிச் செய்வது நியாயமில்லை.

மானுக்காவது நல்லதா?

அதுவும் சந்தேகம்தான். மான் அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புல்லையும் இலையையும் செரிப்பது அவைதான். திடீரென்று தானியமும் மாவுச்சத்தும் அதிகமாகப் போனால் வயிற்றில் அமிலம் கூடி, விலங்கு செத்தே போகலாம். இதற்கு விஞ்ஞானிகளைக் கேட்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று வயிறு உப்பிச் செத்த ஆட்டைப் பார்க்காத கிராமம் உண்டா?

சோளமும் அப்படித்தான். மழை இல்லாமல் வாடி நிற்கும் இளம் சோளப்பயிரில் சயனைடு நஞ்சு உருவாகும். அதனால்தான் குருத்துச் சோளத்தில் மாட்டை விடக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். 'செலவு குறைவு, தானாகவே வளரும்' என்று சோளத்தைத் தூவிவிட்டு ஊருக்குப் போய்விடும் வீக்எண்ட் விவசாயிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

அடுத்தது இடம். காட்டுக்குள் மானுக்குத் தப்பிக்க வழி தெரியும். சமவெளிக்கு இறங்கினால் தெருநாய், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, இரவில் லாரி ஓடும் சாலை. கோமாரி மாதிரியான நோய்கள் மாட்டுக்கும் மானுக்கும் பொது. இரண்டும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால், ஒன்றின் நோய் இன்னொன்றுக்குத் தொற்ற வழி பிறக்கும்.

'மான் எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே?' என்று கேட்கலாம். அந்தமான் டூர் போனவர்கள் அங்கே புள்ளிமானைப் பார்த்திருப்பீர்கள். அவை அந்தத் தீவுகளின் சொந்த விலங்கு அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுபோய் விடப்பட்டவை. தின்ன சிறுத்தை, புலி எதுவும் இல்லாததால் பெருகி, காட்டில் முளைக்கும் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன. மரம் முதிர்ந்து விழும்போது அந்த இடத்தைப் பிடிக்கப் புதுக்கன்று இருப்பதில்லை. மான் எத்தனை இருக்கிறது என்பதைவிட, எங்கே, எதைத் தின்று, யாருக்கு இரையாக வாழ்கிறது என்பதுதான் முக்கியம்.

மான் ஏன் கீழே இறங்குகிறது?

காட்டுக்குள் புல் குறைந்துபோனது ஒரு முக்கியக் காரணம். இதற்குத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே அழுத்தமான சான்று இருக்கிறது. பழனி மலைகளின் செயற்கைக்கோள் படங்களை வைத்து 1973 முதல் 2014 வரை நடந்த மாற்றத்தை ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள். ஆய்வு 2018-ல் வெளியானது. சுமார் 373 சதுர கிலோமீட்டராக இருந்த மலைப் புல்வெளி, சுமார் 124 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு காலி. அந்த இடத்தைப் பிடித்தவை பெரும்பாலும் வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும்தான்.

கொடைக்கானலுக்குப் போய் பைன் மரத்தடியில் நின்று ஃபோட்டோ எடுக்காதவர்கள் குறைவு. அடுத்த முறை போகும்போது கீழே பாருங்கள். உதிர்ந்த ஊசி இலைதான் மெத்தை மாதிரி கிடக்கும். மேய்வதற்குப் புல் இருக்காது. காட்டுமாடு கொடைக்கானல் நகரத்துக்குள் சுற்றுகிறது என்று ஆச்சரியப்படுகிறோம். அதன் சாப்பாட்டு மேசையில் நாம் மரம் நட்டோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

தாழ்வான காடுகளில் வில்லன் உண்ணிச்செடி. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்தது. இன்று நாட்டின் புலி வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேலான பரப்பில் பரவியிருக்கிறது என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அது அடர்ந்து வளரும் இடத்தில் புல் முளைக்காது. இலையில் நஞ்சு இருப்பதால் அதையும் தின்ன முடியாது. அதாவது, பச்சையாகத் தெரியும் காட்டுக்குள் பட்டினி. சமவெளிப் பக்கம் அதே வேலையைச் சீமைக்கருவேலம் செய்கிறது.

தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. முதுமலையில் மஞ்சள் கொன்றை மரங்களை வெட்டி, அரசின் காகித ஆலையான டிஎன்பிஎல்லுக்குக் கொண்டுபோகும் வேலையும் நடந்தது. நல்ல தொடக்கம். ஆனால், உண்ணிச்செடியை ஒருமுறை பிடுங்கிவிட்டு வந்தால் போதாது. மிச்சமிருக்கும் வேரும் விதையும் அடுத்த மழைக்கே முளைக்கும். சில வருடங்கள் தொடர்ந்து களையெடுத்து, அந்த மண்ணுக்கே உரிய புல்லை விதைத்துக் காப்பாற்றினால்தான் புல்வெளி திரும்பும். மானுக்கான ஃபுட் பிளாட் இருக்க வேண்டிய இடம் இதுதான்: காட்டுக்குள், வனத்துறையின் பொறுப்பில், சொந்த மண்ணின் புல்லோடு.

இதில் வெளிநாட்டு விதை பாக்கெட்டுக்கு வேலை இல்லை. உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் 'அழகா இருக்கே' என்று கொண்டுவந்ததுதானே?

கொறங்காடு: நம்ம ஊர் ஃபுட் பிளாட்

இப்போது விஷயத்துக்கு வருவோம். 'செலவு குறைவு, பராமரிப்பு குறைவு' என்ற வார்த்தைகளுக்குத் தமிழ்நாட்டில் ஒரு முகவரி உண்டு. காங்கேயம், தாராபுரம், மூலனூர் சுற்றுவட்டாரத்தில் தொடங்கி, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகள் வரை இருக்கும் கொறங்காடு.

மழை குறைந்த, சரளை மண் பூமி. வேறு விவசாயம் கட்டுப்படியாகாத இடம். அங்கே மூன்று அடுக்காக ஒரு மேய்ச்சல் நிலத்தை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். தரையில் கொழுக்கட்டைப்புல். நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். சுற்றி முள்கிளுவையில் உயிர்வேலி. புல்லை ஒருமுறை விதைத்து நிலைப்படுத்திவிட்டால் பல வருடங்களுக்கு மழையைப் பார்த்துத் தானே துளிர்க்கும். கோடையில் புல் காயும்போது வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீவனமாகும். ஆட்டுப் புழுக்கையோடு விழும் விதையிலிருந்து அடுத்த மரம் முளைக்கும். கிளுவை வேலிக்குக் கம்பியும் தேவையில்லை, கரண்டும் தேவையில்லை. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றை மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவார்கள். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தப் புல்லில் வளர்ந்தவைதான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. நமக்கு இவ்வளவு உதவும் இதே கொழுக்கட்டைப்புல், அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பெரிய களை. அங்கே தீவனத்துக்காகக் கொண்டுபோய் விதைத்தார்கள். அது பரவி, தீயை வளர்த்து, உள்ளூர்த் தாவரங்களை அழிக்கிறது. அங்கிருந்து குளோவரை இங்கே கொண்டுவர நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். புல் ஒன்றுதான், இடம் மாறினால் குணம் மாறுகிறது.

ஆட்டுப் புல்லுக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். அடிவாரத்து ஆடு மாடுகளுக்கு ஊருக்குள் புல் இல்லை. அதனால் அவை காட்டுக்குள் போகின்றன. காட்டில் மிச்சமிருக்கும் கொஞ்சப் புல்லுக்கு மானும் மாடும் போட்டி போடுகின்றன. தோற்பது பெரும்பாலும் மான். வயிறு நிறையாத மான் ராத்திரியில் கடலைக்காட்டுக்கு இறங்குகிறது. ஆடு மேலே போவதும் மான் கீழே வருவதும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அந்த உத்தரவை மாற்றி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற நோக்கம் சரி. ஆனால், தலைமுறையாகக் காட்டில் மாடு மேய்த்தவர் மறுநாள் காலையில் மாட்டை எங்கே ஓட்டிப் போவார் என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது?

இந்தக் கேள்வி திண்டுக்கல் சமவெளிக்கும் வந்திருக்கிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம். வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்களின் காடுகள் இதில் வருகின்றன. பெருமைதான். ஆனால், சரணாலயம் என்று சொன்னால் மேய்ச்சல் கேள்வியும் கூடவே வரும். ஆடு வைத்திருப்பவர் அந்தப் பெருமைக்குத் தனியாக விலை கொடுக்கக் கூடாது.

அதனால்தான் சொல்கிறேன், ஆட்டுக்குத் தோட்டம் போடுங்கள். காட்டு ஓரத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி, ஊர்ப் பக்கம். நம் கிராமங்களின் பதிவேடுகளில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை நிலம் இருக்கிறது. பெயரிலேயே வேலை எழுதியிருக்கிறது. ஆனால், பல ஊர்களில் அது சீமைக்கருவேலக் காடாகவோ கட்டடமாகவோ மாறிவிட்டது. மீதியிருப்பதை அளந்து, முள்ளை எடுத்து, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் வைத்து, கிளுவை வேலி கட்டி, ஊராட்சி மூலம் முறை வைத்து மேய்க்கலாம். ஊரக வேலைத் திட்டப் பணிகளில் மேய்ச்சல் நில மேம்பாட்டைச் சேர்க்கலாம். ஆட்டுக்கு ஊரில் புல் கிடைத்தால், காட்டுப் புல் மானுக்கு மிஞ்சும்.

இதற்கு மறுப்பும் உண்டு. கொறங்காடு தனியார் நிலத்தில், சொந்தக்காரர் கண்பார்வையில் வளர்ந்த முறை. பொது நிலத்தில் எல்லோரும் ஆட்டை ஓட்டிவந்தால் ஒரே மாதத்தில் மொட்டையாகிவிடும் என்பார்கள். நியாயமான பயம். அதனால்தான் புல்லை விதைப்பதோடு சேர்த்து, யார், எப்போது, எத்தனை ஆடு என்ற ஒழுங்கையும் ஊரே முடிவு செய்ய வேண்டும். கண்மாய் மீன் ஏலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கணக்கு வைக்கத் தெரிந்த ஊருக்கு இது முடியாததல்ல.

பில்லைப் பகிர்ந்துகொள்வது எப்படி?

இவ்வளவு செய்தாலும் விலங்குகள் வரும். ஒரே ராத்திரியில் நிற்காது. வரும்வரை இழப்பை விவசாயி தலையில் கட்டக் கூடாது.

காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். சரியோ தவறோ, தூரத்தைப் பொறுத்துப் பொறுப்பு மாறும் என்ற அந்த யோசனை முக்கியமானது. மான், காட்டுமாடு விஷயத்தில் துப்பாக்கி பதில் அல்ல. அங்கே பதில் புல், வேலி, இழப்பீடு.

பயிர் இழப்பீட்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. அதோடு, பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காட்டு விலங்கு தாக்குதலால் வரும் இழப்பையும் 2026 காரிஃப் பருவம் முதல் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இருப்பிடம் பதிவாகும் ஃபோட்டோவோடு ஆப் மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எழுபது வயது விவசாயி பட்டன் ஃபோன் வைத்திருப்பார். அந்த 72 மணி நேரம் அவருக்கு எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ, நான் என்ன செய்யலாம்?

அடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் இளம் வாசகர்களுக்குச் சில விஷயங்கள். மானை ஈர்க்கும் எதையும் வேண்டுமென்றே போடாதீர்கள். காட்டு ஓரமாக மக்காச்சோளம், கடலை, கரும்பு, வாழை வைக்கும் முன் பக்கத்துக்காரரிடம் பேசுங்கள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டுங்கள். அந்த ஒரு செலவு எத்தனையோ உயிரைக் காப்பாற்றும். சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் நிலத்திலிருந்து எடுங்கள். முள்கம்பிக்குப் பதில் கிளுவை வையுங்கள். உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்ஃபோனில் பக்கத்துத் தோட்டத்துத் தாத்தாவின் சேதமான கடலைக்காட்டை ஃபோட்டோ எடுத்து, 72 மணி நேரத்துக்குள் அவருக்காகப் பதிவேற்றிக் கொடுங்கள். ரீல்ஸ் போடுவதைவிட மானுக்கு அது பெரிய உதவி. இழப்புக்குப் பணம் கிடைத்த விவசாயி வேலியில் கரண்ட் பாய்ச்ச யோசிப்பார்.

நிலம் இல்லாதவர்களும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் சொந்த ஊரில் மேய்க்கால் புறம்போக்கு எத்தனை ஏக்கர்? இப்போது அதில் என்ன இருக்கிறது? அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மான் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஆட்டைப் பற்றிப் பேசினாலே போதும்.